கற்பித்தலும் சிகிச்சையே: டயாலிசிஸ் நோயாளி பற்றிய ஒரு கருத்துக்கு மறுப்பு

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குச் செய்யப்படும் டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்பைப் பற்றித் தமிழ்நாட்டின் மருத்துவமனைகளிலும், திட்டம் வகுக்கும் அலுவலகங்களிலும், நோயாளிகளின் வீடுகளிலும்கூட ஒரே கருத்து வேரூன்றி நிற்கிறது. சிகிச்சை என்பது இயந்திரம் செய்வது. அதை இயக்கத் தெரிந்தவர் டெக்னீஷியன். மேற்பார்வை செய்பவர் மருத்துவர். குறித்த நாளில் வந்து கையை நீட்டுவதும், தண்ணீரையும் உப்பையும் குறைக்கச் சொன்னால் குறைப்பதுமே நோயாளியின் கடமை என்பது அக்கருத்து. நோயாளிக்குத் தன் நோயைத் தானே கையாளக் கற்பிப்பது நல்ல எண்ணம்தான் என்றும், ஆனால் அது சிகிச்சையின் பகுதியாகாது, வசதியும் நேரமும் உள்ள இடங்களில் சேர்த்துக்கொள்ளத்தக்க கூடுதல் சேவை மட்டுமே என்றும் அது கருதுகிறது. இக்கருத்து தவறானது. அது தவறு என்பதோடு, அதன் விலையை நோயாளிகள் தம் உயிரால் செலுத்துகிறார்கள் என்பதே அதை விரிவாக மறுக்கவேண்டியதன் காரணம்.

மறுக்கும் முன் அதை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துரைப்பது முறை. இக்கருத்தைக் கொண்டவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். பெரும்பாலும் நாள்முழுதும் நோயாளிகளோடு உழைப்பவர்கள். அவர்கள் ஆறு நியாயங்களை முன்வைக்கின்றனர். இரத்தத்தைச் சுத்தம் செய்வது இயந்திரம்தான், ஆகவே இயந்திரங்களைப் பெருக்குவதே முதற்கடமை. நோயாளிகளுக்குச் சொல்லவேண்டியவை ஏற்கெனவே சொல்லப்படுகின்றன, கேட்காதது அவர்கள் குறை. எழுத்தறிவும் வருமானமும் குறைந்தவர்களால் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் புரிந்துகொள்ள இயலாது. ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் நெருக்கடியில் கற்பிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அரைகுறை அறிவு பெற்ற நோயாளி தானே மருந்தை மாற்றுவார், பணியாளரோடு வாதிடுவார். இறுதியாக, இத்தகைய கல்வி உயிர்காக்கும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. இந்த ஆறும் தனித்தனியே பதில் பெறவேண்டியவை.

அதற்கு முன், மறுக்கப்படும் பொருள் எது என்பதில் தெளிவு தேவை. தன்மேலாண்மைக் கல்வி என்பது, தீராத நோயோடு வாழவேண்டியவர் அன்றாடம் எதிர்கொள்ளும் முடிவுகளைத் தானே சரியாக எடுக்கும் திறனைப் பெறுமாறு பயிற்றுவிப்பதாகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூட்டுவாத நோயாளிகளிடையே இம்முறையை வளர்த்தெடுத்த கேட் லோரிக்கும் ஹால்ஸ்டெட் ஹோல்மனும் 2003இல் இதை ஆறு திறன்களாக வகுத்தனர்: சிக்கலை இனங்கண்டு தீர்த்தல், முடிவெடுத்தல், கிடைக்கும் உதவிகளைப் பயன்படுத்தல், மருத்துவரோடு கூட்டாளியாகச் செயல்படுதல், சிறு செயல்திட்டம் வகுத்தல், கற்றதைத் தன் வாழ்க்கைக்கு ஏற்பப் பொருத்திக்கொள்ளுதல். துண்டுப்பிரசுரம் கொடுப்பதோ, சுவரில் தடைப் பட்டியலை ஒட்டுவதோ, எடை ஏறி வந்தவரைக் கண்டிப்பதோ இவற்றுள் அடங்காது.

1. இயந்திரமே சிகிச்சை என்றால், மீதமுள்ள 156 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் என்ற முழு அளவிலான டயாலிசிஸ் பெறுபவர் இயந்திரத்தோடு இணைந்திருப்பது 12 மணி நேரம். இந்தியாவில் பலர் செலவாலும் தொலைவாலும் பெறுவதுபோல வாரம் 2 முறை மட்டும் பெறுபவர் இணைந்திருப்பது 8 மணி நேரம். நலமான சிறுநீரகம் ஓய்வின்றிச் செய்யும் வேலையை, மெல்லிய சவ்வின் வழியே கழிவுகளைக் கடத்தியும், அழுத்த வேறுபாட்டால் மிகுநீரை இழுத்தும், அந்தச் சில மணி நேரத்துக்குள் இயந்திரம் செய்யமுயல்கிறது. அது எவ்வளவு செய்யமுடியும் என்பதை, இடைப்பட்ட நாள்களில் நோயாளி என்ன உண்டார், எவ்வளவு குடித்தார், எந்த மருந்தை எப்போது விழுங்கினார் என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். மிகுநீர் நீங்கியபின் நோயாளிக்கு இருக்கவேண்டிய எடை உலர் எடை எனப்படும். மையங்களில் எல்லோரும் சொல்லும் ‘ட்ரை வெயிட்’ இதுவே. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு மணி நேரத்தில் 13 மில்லிலிட்டருக்கு மேல் நீரை இழுப்பது உயர்ந்த இறப்பு விகிதத்தோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உலர் எடை 50 கிலோ உள்ளவரிடமிருந்து 4 மணி நேரத்தில் இந்த வரம்புக்குள் எடுக்கக்கூடிய நீர் 2.6 லிட்டர். வாரம் 2 முறை மட்டும் வரும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 லிட்டர் தேங்கினால், 4 நாள் இடைவெளிக்குப்பின் எடுக்கவேண்டியது 4 லிட்டர். வேகம் மணிக்குக் கிலோவுக்கு 20 மில்லிலிட்டராகிறது. அப்போது இரத்த அழுத்தம் சரியும், கால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், இதயத்தசைக்குப் போதிய இரத்தம் செல்லாமல் அதன் சில பகுதிகள் தற்காலிகமாகச் சுருங்கும் ஆற்றலை இழக்கும். இது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் இதயம் நிரந்தரமாகப் பலவீனமடையும். இந்தச் சிதைவு இயந்திரத்தின் குறைபாட்டால் நேர்வதன்று. இயந்திரம் கையாளமுடியாத சுமையோடு நோயாளி வந்து சேர்வதால் நேர்வது.

இயந்திரத்தின் பணியை மட்டும் தீவிரமாக்கினால் போதாதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. அமெரிக்காவில் 1,846 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஹீமோ ஆய்வு, வாரம் 3 முறை என்ற அமைப்புக்குள்ளேயே சுத்திகரிப்பின் அளவைக் கூட்டியும், நுண்துளை பெரிதான வடிகட்டியைப் பயன்படுத்தியும் பார்த்தது. இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. 2011இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வோ, வார இறுதியின் 2 நாள் இடைவெளியைத் தொடரும் நாளில் 100 நோயாளி-ஆண்டுகளுக்கு 22.1 இறப்புகளும், பிற நாள்களில் 18.0 இறப்புகளும் நிகழ்வதைக் காட்டியது. ஆபத்து குவிவது இயந்திரத்திலிருந்து விலகியிருக்கும் நேரம் நீளும்போது. அந்த நேரத்தை ஆள்பவர் நோயாளி ஒருவரே. அவரைப் பயிற்றுவிக்காத சிகிச்சைத் திட்டம் வாரத்தின் மிகப் பெரும்பகுதியைக் கவனிப்பின்றி விட்டுவிடுகிறது.

2. ‘சொல்லியாகிவிட்டது’ என்பது கற்பித்ததற்குச் சான்றாகுமா?

ஆகாது. ‘தண்ணீரைக் குறையுங்கள்’ என்பது டயாலிசிஸ் மையங்களில் மிக அதிகமாகச் சொல்லப்படும் அறிவுரை; மிகக் குறைவாகப் பயன்தருவதும் அதுவே. இரத்தத்தில் உப்பின் செறிவு உயர்ந்தால் மூளை தாகத்தைத் தூண்டும். செறிவு பழைய நிலைக்கு வரும்வரை தாகம் அடங்காது. உடலில் தங்கும் ஏறக்குறைய 9 கிராம் உப்பு 1 லிட்டர் நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே உப்பைத் தொடாமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது, உடலியங்கியலுக்கு எதிராகப் போராடும்படி நோயாளிக்குக் கட்டளையிடுவதாகும். சோடியத்தைக் கட்டுப்படுத்தாமல் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்வதற்கு ஆதாரமில்லை, அது நேரவிரயம் என்று பிரிட்டிஷ் சிறுநீரக மருத்துவர் சார்லி டாம்சன் 2001இலேயே மருத்துவ இதழில் வாதிட்டார். பிரான்சின் தாஸேன் நகரில் பெர்னார் ஷாராவும் அவர் குழுவினரும் உப்புக் குறைந்த உணவையும் முறைக்கு 8 மணி நேர நீண்ட டயாலிசிஸையும் இணைத்து, பெரும்பாலான நோயாளிகளின் இரத்த அழுத்தத்தை மாத்திரையின்றியே கட்டுக்குள் வைத்தனர். அங்கு இயந்திர நேரமும் சமையலறையும் ஒரே சிகிச்சையின் இரு பாதிகளாக எண்ணப்பட்டன.

‘உப்பைக் குறையுங்கள்’ என்று திருத்திச் சொன்னால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அப்பளமும் ஊறுகாயும் மோர்மிளகாயும் கருவாடும் தொட்டுக்கொள்பவர், தமக்குச் சொன்னபடி நடப்பதாகவே உண்மையாக நம்புகிறார். குடிநீரை அளந்து குடித்துவிட்டு ரசத்தையும் மோரையும் கஞ்சியையும் கணக்கில் சேர்க்காதவரும் அப்படியே. கோடையில் உடலைக் குளிர்விக்கும் என்று இளநீர் குடிப்பவருக்கு, அது பொட்டாசியம் செறிந்தது என்பதும், கழிக்க வழியில்லாத உடலில் பொட்டாசியம் அளவுமீறினால் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடலாம் என்பதும் தெரியாது. சோடியம் குறைந்தது என்று விளம்பரப்படுத்தப்படும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலக்கப்பட்டிருப்பதை அறியாமல், நல்லது செய்வதாக எண்ணி அதற்கு மாறுபவருக்கு நேரும் தீங்கு இன்னும் பெரிது. பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் மாத்திரையை உணவோடு சேர்த்து விழுங்கவேண்டியதன் காரணம் விளக்கப்படாதபோது, அதை இரவு மாத்திரைகளோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்குபவர் மருந்துச் செலவு முழுவதையும் வீணாக்குகிறார். இவர்களுள் ஒருவர்கூடப் பிடிவாதக்காரர் அல்லர். காரணம் அறியாத கட்டளையை, தமக்குத் தெரிந்த அளவில் நிறைவேற்ற முயன்றவர்கள்.

மேலும், அறிவுரை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதையும் கேட்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் உலையில் உப்புப் போடுபவர் நோயாளி அல்லர். மனைவியோ தாயோ மருமகளோ ஆவார். அவர் மையத்தின் கதவுக்கு வெளியே காத்திருக்க, உள்ளே நோயாளியிடம் உணவைப் பற்றிப் பேசப்படுகிறது. நோயாளி பெண்ணாக இருந்தால், குடும்பம் முழுவதற்கும் சமைத்து, எல்லோருக்கும் ஏற்ற சுவையில் ஆக்கியதையே தானும் உண்ணவேண்டிய நிலை. குழம்பை இறக்கியபின் நோயாளியின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மற்றவர்களுக்கு உப்புச் சேர்ப்பது, காய்களை நறுக்கி நிறைய நீரில் ஊறவைத்து வேகவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டிப் பொட்டாசியத்தைக் குறைப்பது, ஒரு நாள் குடிக்கவேண்டிய நீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்துவைத்து அதிலிருந்து மட்டும் எடுப்பது ஆகியவை கைப்பழக்கத்தால் வருபவை. செய்து காட்டி, செய்யவைத்து, அடுத்த முறை வரும்போது என்ன தடை ஏற்பட்டது என்று கேட்டுத் திருத்தினால்தான் அவை நிலைக்கும்.

3. எழுத்தறியாதவர் கற்க இயலாதவர் என்ற முடிவுக்கு ஆதாரம் எங்கே?

தமிழ்நாட்டு அரசின் நடைமுறையே இந்த முடிவைப் பொய்யாக்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வயிற்றறைச் சவ்வின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளை நோயாளிகளின் இல்லத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. அம்முறையில் நோயாளியோ அவர் வீட்டாரோ வழக்கமாக நாளொன்றுக்குப் பல முறை கைகழுவி, முகக்கவசம் அணிந்து, கிருமி புகாவண்ணம் குழாயை இணைத்து, பழைய திரவத்தை வடித்து, அதன் நிறத்தைச் சோதித்து, புதியதைச் செலுத்தவேண்டும். ஒரு தவறு நேர்ந்தாலும் வயிற்றறை முழுதும் தொற்று பரவக்கூடும். தாய்லாந்து 2008இல் இம்முறையையே முதல் தேர்வாக்கிய கொள்கையை ஏற்றபோது, கிராமப்புற நோயாளிகள் பெருந்தொகையில் இதைக் கற்றுச் செயல்படுத்தினர். இத்தனை நுணுக்கமான பணியைக் கற்கத் தகுதியுடையவர் என்று ஒரு சிகிச்சைமுறையில் ஏற்கப்படும் அதே மனிதர், இயந்திர டயாலிசிஸுக்கு மாறிய மறுநாள் கற்க இயலாதவராகிவிடுவதில்லை. கற்பிக்காமல் அம்முறையை நடத்தவே முடியாது என்பதால் அங்கே கற்பிக்கிறார்கள்; கற்பிக்காமலும் இம்முறை எப்படியோ நடந்துவிடுகிறது என்பதால் இங்கே கற்பிப்பதில்லை. வேறுபாடு நோயாளியின் அறிவில் இல்லை, அமைப்பின் கட்டாயத்தில் இருக்கிறது.

கற்பிக்கவேண்டியது வேதியியல் அன்று. பொட்டாசியத்தின் மில்லிமோல் கணக்கை அறியாதவருக்கும் எந்தக் கீரையை வடித்து உண்பது, எந்தப் பழத்தை எத்தனை துண்டு உண்பது என்பது விளங்கும். ஃபிஸ்டுலா என்பது, ஊசி ஏற்றத்தக்க வேகத்தில் இரத்தம் பாய்வதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை மூலம் இணைத்து உண்டாக்கும் பாதை. அதன்மேல் விரலை வைத்தால் ஓர் அதிர்வு உணரப்படும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பதற்கும், அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைவதற்கும் எழுத்தறிவு வேண்டியதில்லை. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, ஊசி குத்தி இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது என்று எந்தச் செவிலியரிடமும் உறுதியாகச் சொல்வதற்கும் வேண்டியதில்லை. அந்த உறுதியைத் தருவது கல்வியும், அதைப் பேசும் உரிமை தமக்கு உண்டு என்ற உணர்வும்தான்.

4. நேரமில்லை என்பது உண்மையா, ஒதுக்கப்படவில்லை என்பது உண்மையா?

மருத்துவத்தின் வேறு பெரும்பாலான பிரிவுகளில் நோயாளி வாரந்தோறும் 8 அல்லது 12 மணி நேரம் பயிற்சி பெற்ற பணியாளர்களின் கண்ணெதிரே படுத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் மட்டும் கற்பிக்க ஒதுக்கினாலும், வாரம் 3 முறை வருபவருக்கு ஆண்டில் 156 முறை, அதாவது 26 மணி நேரம் கிடைக்கிறது. வாரம் 2 முறை வருபவருக்கு 17 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. எப்போது கற்பிப்பது என்பதற்கும் அறிவியல் வழிகாட்டுகிறது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது நோயாளியின் நினைவாற்றலும் கவனமும் தாழ்ந்தும், சிகிச்சைக்குச் சற்று முன்பும் மறுநாளும் மேம்பட்டும் இருப்பதை 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனவே அழுத்தம் சரிந்து களைத்துக் கிடக்கும் கடைசி மணி நேரத்தில் கண்டிப்பதைவிட, எடை பார்க்கும் நேரத்தில், வீட்டார் உடனிருக்கையில், ஒரே ஒரு செய்தியை விளக்கி அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பது பன்மடங்கு பயனுடையது. முன்னமே பழகித் தேறிய நோயாளி ஒருவரைப் புதியவருக்குத் துணையாக அமர்த்தினால், ஆள் பற்றாக்குறைக்கும் ஓரளவு தீர்வு பிறக்கும்.

பணத்தைப் பற்றிய வாதமோ கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. 2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தை ஒட்டி நடுவண் அரசு வெளியிட்ட மதிப்பீடு, ஆண்டுதோறும் 2.2 லட்சம் புதிய நோயாளிகள் சேர்வதாகவும், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ்கள் கூடுதலாகத் தேவைப்படுவதாகவும் கூறியது. தேவை முழுவதும் முறைகளின் எண்ணிக்கையாகவே அங்கு எண்ணப்பட்டது. ஆனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறி நள்ளிரவில் அவசரப்பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரும், அடைபட்ட ஃபிஸ்டுலாவால், கழுத்துச் சிரையில் செருகும் டயாலிசிஸ் குழாய்க்கு மாறித் தொற்றோடு படுக்கும் ஒவ்வொருவரும், அதே அரசுப் பணத்தின் கணக்கில்தான் செலவாகிறார்கள். அமெரிக்கா 2008இல் வகுத்த விதிகளின்படி, டயாலிசிஸ் மையம் ஒவ்வொன்றும் உணவியலாளரையும் சமூகப்பணியாளரையும் கொண்டிருப்பதும், நோயாளிக்குக் கற்பிப்பதும் அரசுக் காப்பீட்டின் பணத்தைப் பெறுவதற்கான நிபந்தனைகள். அந்நாட்டின் செல்வம் இங்கே இல்லை என்பது மெய்யே. ஆயினும் பணம் தருபவர் எதைக் கேட்கிறாரோ அதுவே மையங்களில் நடக்கும் என்ற நெறி செல்வத்தைப் பொறுத்ததன்று.

5. அறிந்த நோயாளி ஆபத்தானவரா?

டயாலிசிஸின் வரலாறு இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. 1960களின் தொடக்கத்திலேயே, லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஸ்டான்லி ஷால்டன் நோயாளிகளுக்குத் தம் சிகிச்சையைத் தாமே நடத்தக் கற்பித்தார். அமெரிக்காவில் அரசுக் காப்பீடு 1973இல் நடைமுறைக்கு வருமுன் அந்நாட்டு டயாலிசிஸ் நோயாளிகளுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இயந்திரத்தை வீட்டில் வைத்தே சிகிச்சை பெற்றனர். பின்னர் மையங்கள் பெருகியதும் அவ்விகிதம் சரிந்தது. 2005இல் ஸ்வீடனின் யான்ஷோப்பிங் நகரிலுள்ள ரைஹோவ் மருத்துவமனையில் ஒரு நோயாளி தன் டயாலிசிஸைத் தானே செய்ய விரும்பிக் கேட்டபோது, செவிலியர் ஒருவர் மறுக்காமல் கற்றுக்கொடுத்தார். மற்ற நோயாளிகளும் பின்தொடர, நோயாளிகளே இயந்திரத்தை ஆயத்தம் செய்து, தமக்குத் தாமே ஊசி ஏற்றிக்கொள்ளும் தனிப்பிரிவாக அது வளர்ந்தது. இந்த அளவுக்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் செல்லவேண்டும் என்பது இங்கு வாதமன்று. அறிவு வளர்ந்தால் ஒழுங்கு குலையும் என்ற அச்சம் அடிப்படையற்றது என்பதே வாதம்.

உண்மையில், அறிந்த நோயாளி மையத்தின் கடைசிப் பாதுகாப்பு அரண். வடிகட்டியைக் கழுவி அதே நோயாளிக்கு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் உள்ள மையங்களில், இணைக்குமுன் அதன்மேல் எழுதியிருப்பது தன் பெயர்தானா என்று பார்ப்பவர், தொற்றுப் பரவும் ஒரு வாசலை அடைக்கிறார். தன் உலர் எடையையும் இன்றைய எடையையும் அறிந்தவர், இயந்திரத்தில் தவறாகப் பதிக்கப்பட்ட நீரின் அளவைக் கண்டு சொல்கிறார். அவர் கேள்வி கேட்பதைப் பணியாளருடன் மோதலாகப் பார்க்கும் மனநிலையே மாறவேண்டியது. தானே மருந்தை மாற்றும் போக்கு அறிவால் விளைவதன்று. விளக்கம் கிடைக்காத வெற்றிடத்தில் விளைவது. மையத்தில் யாரும் பதில் சொல்லாதபோதுதான் நோயாளி டயாலிசிஸை நிறுத்திவிடலாம் என்று வாக்களிக்கும் காணொளிகளையும், உட்பொருள் தெரியாத சூரணங்களையும் நாடிச் செல்கிறார். அந்த இடத்தை மருத்துவம் நிரப்பாவிட்டால் வேறொருவர் நிரப்புவார்.

6. சான்று போதாது என்பவர் எல்லாவற்றுக்கும் அதே சான்றைக் கேட்கிறாரா?

இந்த ஆறாவது நியாயத்தில் ஒரு பகுதி உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கல்வியைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை, ஒன்றுக்கொன்று வேறுபட்ட பயிற்சிகளை அளந்தவை. பயிற்சி நின்றதும் பயன் மங்கிவிடுவதும் உண்டு. ஆயினும் தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வழங்கும் சிங்கப்பூரில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டு 2018இல் வெளியிடப்பட்ட ஹெட்-ஸ்மார்ட் ஆய்வு, எளிய, செலவு குறைந்த தன்மேலாண்மைப் பயிற்சியே டயாலிசிஸ்களுக்கு இடையில் ஏறும் எடை முதலிய அளவீடுகளில் முன்னேற்றம் தருவதைக் காட்டியது. பயன் காலப்போக்கில் மங்குவது, கல்வி தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறது என்பதால் மாத்திரை பயனற்றது என்று எவரும் முடிவுகட்டுவதில்லை. தொடர்ந்து கொடுக்கவேண்டியது என்றே கொள்கிறார்கள்.

வாரம் 3 முறை என்ற அட்டவணையே, அதை வேறு அட்டவணைகளோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்டு நிறுவப்பட்டதன்று. அனுபவத்தாலும் நிர்வாக வசதியாலும் நிலைபெற்றது. அதை ஏற்பவர், உடலியங்கியலின் வலுவான தர்க்கமும் நடுத்தர அளவிலான ஆய்வுச் சான்றும் கொண்ட கல்வியிடம் மட்டும் முழுமையான நிரூபணம் கேட்பது நடுநிலையாகாது.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு கண்டனத்துக்கும் இங்கே பதில் கூறவேண்டும். தன்மேலாண்மை என்ற பெயரில் அரசும் மருத்துவமனையும் தம் பொறுப்பை ஏழையின் தலையில் ஏற்றுகின்றன, எடை ஏறினால் ‘கற்றும் கடைப்பிடிக்கவில்லை’ என்று அவரையே குற்றவாளியாக்க அது உதவும் என்பது அக்கண்டனம். இந்த அச்சம் நியாயமானது. வாரம் 3 முறை தேவைப்படுபவருக்கு 2 முறை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைக் கட்டுப்பாட்டால் ஈடுகட்டச் சொல்வது கல்வியாகாது, வஞ்சனை. பேருந்தில் 3 மணி நேரம் பயணம் செய்து வருபவரும், கூலிக்குப் போனால்தான் உணவு என்ற நிலையில் சிகிச்சை நாளைத் தவறவிடுபவரும் அறியாமையால் மட்டும் துன்புறவில்லை. ஆனால் கல்வியை மறுப்பதால் இந்த அநீதி தீராது. அறியாதவர் தமக்கு என்ன மறுக்கப்படுகிறது என்பதைக்கூடச் சொல்லமுடியாதவராகிறார். தமக்கு எத்தனை முறை வேண்டும், கழுத்துக் குழாய் ஏன் நீண்டகாலம் இருக்கக்கூடாது, ஃபிஸ்டுலா அறுவை ஏன் தள்ளிப்போடப்படுகிறது, மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவரே உரிமையைப் பெறமுடியும். கல்வி சேவைக்கு மாற்றாகாது. சேவையைக் கேட்டுப் பெறும் ஆற்றல் அது.

இவற்றிலிருந்து பிறக்கும் கடமைகள் தெளிவானவை. டயாலிசிஸ் தொடங்கிய முதல் 3 மாதங்களிலேயே இறப்பு அபாயம் மிகுதி என்பதால், அக்காலத்துக்கென வரையறுத்த பாடத்திட்டம் ஒவ்வொரு மையத்திலும் இருக்கவேண்டும். அது நோயாளியோடு வீட்டில் சமைப்பவரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அந்தந்த வட்டாரத்தின் உணவிலிருந்தும் அளவைகளிலிருந்தும் எழவேண்டும். டெக்னீஷியன்களுக்கும் செவிலியர்களுக்கும் கற்பிக்கும் முறையே தனிப் பயிற்சியாக அளிக்கப்படவேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் தேசியத் திட்டமும் முறைகளுக்குப் பணம் தருவதுபோலக் கற்பித்தலுக்கும் பணம் தந்து, அதன் விளைவைக் கேட்கவேண்டும்: நோயாளிகளின் சராசரி எடையேற்றம் எவ்வளவு, ஃபிஸ்டுலா வழியே சிகிச்சை பெறுவோர் எத்தனை பேர், தவறவிடப்பட்ட நாள்கள் எத்தனை என்பவை மையந்தோறும் கணக்கிடப்படவேண்டும். அக்கணக்கு மோசமானால் விளக்கம் கேட்கப்படவேண்டியவர் நோயாளி அல்லர், மையம்.

மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்த மருத்துவமனையை எந்த மருத்துவக் கழகமும் பொறுத்துக்கொள்ளாது. வாரத்தில் 156 மணி நேரம் தன் உயிரைத் தானே காக்கவேண்டிய ஒருவரை, அதற்கான அறிவைத் தராமல் வீட்டுக்கு அனுப்புவதும் அளவு குறைந்த சிகிச்சையே. அதை அப்படிப் பெயரிட்டு அழைக்கவும், அப்படியே நடத்தவும் தமிழ்நாட்டு மருத்துவம் முன்வரவேண்டும்.